கூலியா, இனாமா? வெளிநாட்டு விமான நிலையத்தில் நம் சில்லறைக் கணக்கு

(ஆனைகட்டியில் நடைபெற்ற நமது சங்க உறுப்பினர்களின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டுப் பயண அனுபவங்கள்" என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அங்கே நீல நிற மழைக்கோட்டு போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தாம். மீதிப் பேருக்கு அந்தப் படங்களைக் காட்டியாகிவிட்டது. ஆகவே, சபையில் உரக்கக் கேட்கத் தயங்கி, ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் போனில் மெதுவாகக் கேட்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "மாமா, ஏர்போர்ட்ல வீல்சேர் தள்றவாளுக்கு ஏதாவது கொடுக்கணுமா? கொடுத்தா எவ்வளவு?" வருஷத்தில் பத்துப் பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

இதைப் பேசுவதற்கு ஆனைகட்டியை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது. காலையில் கோயமுத்தூரிலிருந்து கணுவாய், தடாகம், மாங்கரை வழியாக மலையேறி வந்தோம். இன்னும் சிறிது தூரம் போனால் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் பாலக்காடு ஜில்லா, அட்டப்பாடி. மண் அதே மண், மலை அதே மலை. ஆனால் ஒரு மூட்டையைத் தூக்கி இறக்குவதற்கான சட்டம் அந்தச் சாவடியில் மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் மூட்டை இறக்குவது அங்கேயே பேரம் பேசி முடிகிற விஷயம். அந்தப் பக்கம் 1978-ல் வந்த சுமட்டுத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. தொழிலாளிக்குப் பதிவு உண்டு, நல வாரியம் உண்டு, கூலிக்கு அட்டவணை உண்டு. நம் பாலக்காட்டு உறுப்பினர்கள் இப்போதே சிரிக்கிறார்கள், அடுத்து நான் சொல்லப்போவது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம், நோக்குகூலி! நம் சாமானை நம் ஆட்களே இறக்குவார்கள். யூனியன்காரர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்ததற்குக் கூலி. 2018 மே 1-ஆம் தேதியோடு இது கிடையாது என்று கேரள அரசே உத்தரவு போட்டது. அப்படியும் 2021-ல் தும்பா விண்வெளி மையத்துக்குப் பெரிய இயந்திரம் ஏற்றிவந்த லாரியையே நோக்குகூலி கேட்டு மறித்தார்கள். நல்ல சட்டத்தின் நிழலில் இப்படி ஒரு களையும் முளைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் ஆதாரக் கருத்தில் எனக்கு மரியாதை உண்டு. சுமை தூக்குகிறவனுக்குக் கிடைக்க வேண்டியது, தூக்கச் சொன்னவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பதுதான் அது.

ஒருவருக்குப் பணம் கொடுப்பதற்கு நம்மிடம் எத்தனை வார்த்தைகள் பாருங்கள். கூலி, சம்பளம், இனாம், பக்‌ஷீஸ், தட்சிணை, ஸம்பாவனை. வாத்தியாருக்குக் கொடுப்பதைக் கூலி என்று நம்மில் யாரும் வாய் தவறியும் சொல்ல மாட்டோம். ஆனாலும் தாம்பாளத்தில் குறைவாக வைத்தால் அவர் முகம் எப்படி ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே "இஷ்டப்பட்டதைக் கொடுக்கலாம்" என்பதற்கும் "ஒன்றும் கொடுக்காமல் இருக்கலாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புதிதல்ல. விமானம் ஏறியதும் அதை மறந்துவிடுகிறோம்.

கூலி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இது தமிழிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது என்பார்கள். குஜராத்துப் பக்கத்துக் கோலி என்ற சமூகத்தின் பெயரிலிருந்து போனது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும், நமக்குச் சம்பளம் என்று பொருள்படும் சொல், கடல் கடந்ததும் ஆளைக் குறிக்கும் வசைச் சொல்லாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் காந்திஜியையே "கூலி பாரிஸ்டர்" என்றார்கள். வெளிநாட்டில் நமக்காகச் சுமை தூக்குகிறவரைப் பார்க்கும்போது இதையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இனி விமான நிலையத்துக்கு வருகிறேன். நம் தகப்பனார் காலத்தில் சென்னை சென்ட்ரலில் சிவப்புச் சட்டையும் பித்தளை வில்லையும் போட்ட போர்ட்டர் இல்லாமல் பயணமே கிடையாது. விமான நிலையத்திலும் அப்படித்தான் இருந்தது. பெட்டிக்குச் சக்கரம் முளைத்ததும் அந்தத் தொழில் மெலிந்துவிட்டது. பெர்னார்ட் ஸாடோ என்ற அமெரிக்கர் சக்கரப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1972-ல். இப்போது நாம் இழுத்துக்கொண்டு போகிற நிமிர்ந்த பெட்டியை, நீண்ட கைப்பிடியுடன், ராபர்ட் ப்ளாத் என்ற விமானி 1987-ல் செய்தார். சந்திரனுக்குப் போய் வந்த பிறகுதான் மனிதனுக்குப் பெட்டியில் சக்கரம் வைக்கத் தோன்றியிருக்கிறது!

பெட்டி தானாக உருள ஆரம்பித்தது. ஆனால் நமக்கு வயசாகிவிட்டது. எழுபது வயதில் பெண்ணின் பிரசவத்துக்கோ, பிள்ளை வீட்டில் கோடை விடுமுறையைக் கழிக்கவோ அமெரிக்கா போகிறோம். இன்று விமான நிலையத்தில் ஒருவர் தள்ளுகிற சுமை நம் பெட்டியல்ல, நாம்தான். ஆகவே போர்ட்டர் இனாம் என்ற பழைய கேள்வி, வீல்சேர் தள்ளுகிறவருக்கு என்ன கொடுப்பது என்பதாக உருமாறி நம் வீட்டுக்கு வந்திருக்கிறது.

முதலில் சட்டம். வீல்சேர் வசதி இலவசம். அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டப்படி, தேவைப்படுகிற பயணிக்கு விமானக் கம்பெனி இதைக் கட்டணமின்றித் தர வேண்டும். ஐரோப்பாவில் 2006-ஆம் வருஷத்து விதிப்படி இது விமான நிலையத்தின் பொறுப்பு. நம் நாட்டிலும் தேவைப்படுவோருக்குக் கட்டணமில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். "ஃப்ரீதானே மாமா, எதுக்குக் கொடுக்கணும்?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். நமக்கு இலவசமாகக் கிடைப்பதால், தள்ளுகிறவருக்கு யாரோ நிறையக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தள்ளுகிறவர் பெரும்பாலும் விமானக் கம்பெனியின் ஊழியர் அல்ல. கம்பெனி ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலையை விட்டிருக்கும், அந்த ஒப்பந்தக்காரரின் ஆள்தான் இவர். அமெரிக்காவில் இன்னொரு சங்கதியும் உண்டு. அங்கே மத்திய அரசின் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து அது ஏறவில்லை. ஆனால் டிப்ஸ் கிடைக்கிற தொழில் என்று ஒரு தொழிலை வகைப்படுத்திவிட்டால், முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதியை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்பிவிடும் என்று கணக்கு. நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று ஏட்டில் இருக்கிறது. இந்த 2.13 என்ற எண் 1991-லிருந்து அப்படியே இருக்கிறது. அங்கே சில விமான நிலையங்களில் வீல்சேர் தள்ளுகிறவர்களையும் இந்த வகையில் சேர்த்துக் குறைந்த சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். அதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் போராடியும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நாம் கொடுக்கிற ஐந்து டாலர் இனாம் அல்ல. அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதி நம் பையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லா இடமும் அப்படி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன் போன்ற ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டி ஊதியத்தைக் குறைக்க முடியாது. நம் குழந்தைகளில் பெரும்பாலோர் ஸான் ஹோஸேயிலும் ஸியாட்டிலிலும் இருப்பதால் இது தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. நியூயார்க், நூவர்க் விமான நிலையங்களை நடத்தும் துறைமுக ஆணையம் 2018-ல் ஒரு தீர்மானம் போட்டு, அங்கு வேலை செய்பவர்களின் ஊதியத்தைப் படிப்படியாக 2023-க்குள் மணிக்கு 19 டாலருக்கு உயர்த்தியது. அந்த ஊர்களில் கொடுப்பது உண்மையிலேயே சந்தோஷத்துக்குக் கொடுப்பது. வழக்கம் என்னவோ அங்கும் உண்டு.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? டிப்ஸ் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பழக்கம். அங்கே உள்நாட்டுப் போருக்குப் பிறகு, புல்மன் கம்பெனி தன் ரயில் தூங்கும் பெட்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களைப் போர்ட்டர்களாக வைத்தது. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளிடம் பெற்றுக்கொள்ள வேண்டும். முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன் என்பதால், எல்லாப் போர்ட்டர்களையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிடுவார்களாம். சொந்தப் பெயர் எதற்கு என்று நினைப்பு! 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் வைத்தார்கள். கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட 1937 வரை பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கிய சிவப்புத் தொப்பிக்காரர்கள் கதை இன்னும் விசித்திரம். அவர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது, டிப்ஸ் மட்டும்தான். 1938-ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்து மணிக்கு 25 சென்ட் என்றது. ரயில்வேக்காரர்கள் என்ன செய்தார்கள்? "பயணி கொடுக்கிற டிப்ஸையே நாங்கள் கொடுக்கும் சம்பளமாக வைத்துக்கொள்" என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1942-ல் ரயில்வே பக்கமே தீர்ப்பாயிற்று. 1966-ல் சட்டத்திலேயே அதற்கு இடம் வைத்துவிட்டார்கள். இன்றைய 2.13 டாலரின் பூர்வோத்தரம் இதுதான்.

விமான நிலைய வாசலில் பெட்டியை வாங்கிச் சீட்டு ஒட்டி அனுப்பும் போர்ட்டருக்கு அங்கே ஸ்கைகேப் என்று பெயர். அவர்களும் டிப்ஸை நம்பி வாழ்கிறவர்கள். பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் 2005-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாசலில் ஒப்படைக்கும் பெட்டிக்கு இரண்டு டாலர் கட்டணம் என்று வைத்தது. பயணிகள் அதுதான் போர்ட்டருக்கான டிப்ஸ் என்று நினைத்துக்கொண்டு, அந்த இரண்டு டாலரோடு நிறுத்திக்கொண்டார்கள். போர்ட்டர் கைக்கு ஒன்றும் வரவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2008-ல் ஜூரி சுமார் 3,25,000 டாலர் அவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. மேல் முறையீட்டில் 2011-ல் அதுவும் தள்ளுபடி. விமானக் கட்டண விஷயத்தில் மாநிலச் சட்டம் தலையிட முடியாது என்று காரணம் சொன்னார்கள். இதைச் சொல்வது எதற்கென்றால், அங்கே ரசீதில் "ஸர்வீஸ்" என்று ஏதாவது கட்டணம் இருந்தால், அது நமக்கு ஸர்வீஸ் செய்தவருக்குப் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

இப்போது நம் வீட்டுக் கதை. சில வருஷங்களுக்கு முன் என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு விமான நிலையத்தில் இறங்கினோம். வீல்சேரைத் தள்ளியவர் நேபாளத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். என் ஹிந்தியும் அவன் ஹிந்தியும் ஒருவாறு ஒத்துப்போயின. குடியேற்ற அதிகாரியின் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். நான் கேட்காமல் அவன் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து விமானம் வருகிறது என்றால் பத்து, பதினைந்து, சில நாள் இருபது வீல்சேர் வரிசையாக நிற்குமாம். வேலை செய்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். "ஏன்?" என்றேன். சிரித்தான். "எல்லோரும் நல்லவர்கள் அங்கிள். தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறார்கள். ஒரு ஆன்ட்டி தட்டைப் பொட்டலம் கொடுத்தார். ஆனால் வாடகை நாள் வந்தால் வீட்டுக்காரர் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்வதில்லை" என்றான். குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

நம்மவர்கள் கருமிகள் அல்ல. ஊரில் கோயில் கும்பாபிஷேகத்துக்கு, வேத பாடசாலைக்கு, வேலைக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு வாரி வழங்குகிறவர்கள்தாம். அங்கே போனதும் கையைக் கட்டிப் போடுவது இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, மனசுக்குள் ஓடுகிற பெருக்கல் வாய்ப்பாடு. ஐந்து டாலரா, ஐந்து தொண்ணூறு நானூற்றைம்பது, அம்மாடி என்று கை பின்வாங்கிவிடுகிறது. அவருடைய வாடகையும் ரூபாயில் இருந்தால் இந்தப் பெருக்கல் சரி. இன்னொன்று, நோட்டு. இங்கே அன்னியச் செலாவணி வாங்கும்போது ஐம்பது, நூறு டாலர் நோட்டுகளாகக் கொடுத்துவிடுகிறார்கள். நாமும் பத்திரமாக உள்பையில் வைத்துத் தைத்துவிடுகிறோம். அங்கே போய் நூறு டாலரை நீட்டிச் "சில்லறை இருக்கா?" என்று யாரைக் கேட்பது? ஆகவே நாணயம் மாற்றுகிறவரிடம் கண்டிப்பாகக் கேட்டு ஒரு டாலர் பத்து, ஐந்து டாலர் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே கிடைக்காவிட்டால், போன தடவை போய்வந்த நம் உறுப்பினர்களிடம் மிச்சம் இருக்கும். பிள்ளையிடமே முன்கூட்டிச் சொல்லி, இங்கே வந்து போகும் நண்பர் மூலம் அனுப்பச் சொல்லலாம். அதைச் சட்டைப் பையில் தனியாக வையுங்கள்.

எவ்வளவு என்றால், நான் கொடுப்பதைச் சொல்கிறேன். வாசலில் பெட்டி வாங்கும் போர்ட்டருக்குப் பெட்டிக்கு இரண்டு டாலர், கனமானால் மூன்று. வீல்சேர் தள்ளுகிறவர் வாசலிலிருந்து விமானம் வரை கொண்டுவிட்டால் ஐந்து. குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் கூடவே இருந்து முடித்து, பிள்ளை காத்திருக்கும் இடம் வரை கொண்டுவந்துவிட்டால் பத்து. இருவரை ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் வைத்துத் தள்ளினால் அதற்கு மேலும் கொடுக்கலாம். பெரிய விமான நிலையங்களில் நடுவில் ஆள் மாறுவார்கள். ஒருவர் ஒரு மூலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவார், பிறகு வேறொருவர் வருவார். முதல் ஆளுக்கு இரண்டு டாலர், முக்கியமான தூரம் தள்ளியவருக்கு மிச்சம் என்று வைத்துக்கொள்கிறேன். பிரியும்போது கையில் கொடுத்து, சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் படித்து, பெயர் சொல்லி நன்றி சொல்வேன். அந்த "ஜார்ஜ்" கதை படித்த பிறகு வந்த பழக்கம். தட்டைப் பொட்டலமும் கொடுக்கலாம், தடையில்லை. டாலரோடு சேர்த்து.

அவர்கள் கேட்டு வாங்கக் கூடாது என்று பல கம்பெனிகளில் விதி இருக்கிறது. ஆகவே கேட்க மாட்டார்கள். கேட்காததால் எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

மற்ற தேசங்களில் இந்த வாய்ப்பாடு செல்லாது. ஜப்பானில் கொடுக்கவே கூடாது. மேஜையில் வைத்துவிட்டு வந்தால், மறந்து விட்டுவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். நம் வேலையை நாங்கள் ஒழுங்காகச் செய்ய மாட்டோம் என்று நினைத்தாயா என்கிற மாதிரி அவர்களுக்கு. அங்கே பெட்டியை விமான நிலையத்திலேயே ஒப்படைத்துவிட்டால் மறுநாள் ஹோட்டலுக்கு வந்துவிடும். கட்டணம் எழுதிப் போட்டிருக்கும், கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போகலாம். சிங்கப்பூரிலும் சாங்கி விமான நிலையத்தில் டிப்ஸ் வழக்கம் இல்லை, தள்ளுவண்டியும் இலவசம். அமெரிக்காவில் பல இடங்களில் தள்ளுவண்டிக்கே வாடகை, கிரெடிட் கார்டைத் தேய்த்தால்தான் சங்கிலி விடும். ஐரோப்பாவில் உதவியாளர் எதிர்பார்ப்பதில்லை, கொடுத்தால் மறுப்பதும் இல்லை. துபாய், தோஹாவில் தள்ளுகிறவர் நம் மலையாளியாகவோ தமிழராகவோ இருப்பார். "ஊர் எங்க மாமா?" என்று ஆரம்பித்தால் கட்டாயம் இல்லாவிட்டாலும் கை தானாகப் பைக்குப் போகும். போகட்டும், நல்லதுதான்.

நம் ஊரில் திரும்பி இறங்கும்போது வேறு அனுபவம். தள்ளி வரும்போதே "டாலரா கொடுங்க சார், நூறு ரூபாயெல்லாம் வேண்டாம்" என்று காதில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். இது நம் நோக்குகூலியின் தம்பி. இங்கே நான் ரூபாயில்தான் கொடுப்பேன், என் மனசுக்குத் தோன்றியதைக் கொடுப்பேன். பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிரட்டினால் மேற்பார்வையாளரைக் கூப்பிடுவேன். இரண்டு முறை கூப்பிட்டும் இருக்கிறேன். ஆனால் இந்த ஒருவருடைய நடத்தையை வைத்து, அங்கே வாய் திறக்காமல் தள்ளிய பையனின் பத்து டாலரை நிறுத்துவது நியாயமாகாது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏறும்போது இருபது நாற்காலி. இறங்கும்போது அதில் ஐந்தாறு பேர் எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் விறுவிறு என்று நடந்து போய்விடுகிறார்கள். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போகாமலே, முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் கால் குணமாகிவிட்டது! ஒரு மாமி என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: "கால் நன்னாத்தான் இருக்கு. இங்கிலீஷ்தான் நொண்டறது." அவர் பயம் நியாயமானது. மதராஸ் தாண்டித் தனியாகப் போகாதவர், அறுபத்தெட்டு வயதில், நடுவில் ஒரு விமானம் மாறி, துப்பாக்கி வைத்த அதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டும் என்றால் யாருக்கும் தொடை நடுங்கும். ஆனால் நாற்காலி எண்ணிக்கையும் தள்ளுகிறவர் எண்ணிக்கையும் அளவானவை. உண்மையில் நடக்க முடியாத ஒருவர் காலியான விமானத்தில் அரை மணி, ஒரு மணி காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேபாளப் பையனுக்கும் தெரியும், யாருக்குக் கால் வலி, யாருக்கு வரிசை வலி என்று.

இதற்கு வேறு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டிக்கெட் எடுக்கும்போது உதவி வேண்டும் என்றால், கம்பெனிகள் அதை எழுத்துக் குறிகளாகப் பதிவு செய்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறலாம், தூரம் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூ.சி.எச்.ஸி. என்றால் இருக்கை வரை தூக்கிக்கொண்டு போய் உட்கார்த்த வேண்டும். இவற்றைத் தவிர எம்.ஏ.ஏ.எஸ். என்று ஒன்று உண்டு, "மீட் அண்ட் அஸிஸ்ட்". நாற்காலி வேண்டாம், கூட ஒரு ஆள் வந்து வழி காட்டினால் போதும் என்பதற்கு அது. எல்லாக் கம்பெனியும் எல்லா ஊரிலும் தருவதில்லை. சில இடத்தில் காசு கேட்பார்கள். ஆனால் முதலில் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். டிராவல் ஏஜென்ட் சுலபமாக இருக்கிறது என்று "எல்லா சீனியருக்கும் வீல்சேர்" என்று தட்டிவிடுகிறார். பிள்ளையும் "இருக்கட்டுமே அப்பா" என்கிறான். உங்கள் டிக்கெட்டில் என்ன குறி போட்டிருக்கிறது என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் சங்கத்தால் ஆகக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. நம் உறுப்பினர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஒரே மாதத்தில் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரே ஊருக்குப் போகிறவர்கள் எப்படியும் இருப்பார்கள். இந்த இதழில் வரன் தேடும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் "பயணத் துணை" என்று ஒரு அரைப் பக்கம் ஒதுக்கலாமே! கால் நன்றாக உள்ளவரும் இங்கிலீஷ் நன்றாக உள்ளவரும் சேர்ந்து போனால் இருவருக்கும் நாற்காலி வேண்டாம். செயலாளர் தலையாட்டுகிறார், ஆசிரியர் குழுவிடம் பேசுவதாகச் சைகை காட்டுகிறார்.

நேரமாகிவிட்டது, சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள். முன் வரிசை மாமி ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "கையில் சில்லறையே இல்லாமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. வெளியே வந்ததும், தள்ளி வந்தவரை அனுப்பிவிடாமல், "ஒன் மினிட்" என்று நிறுத்திப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். அவன் முதலில் உங்களை நமஸ்காரம் செய்யக் குனிவான், பேரக்குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அந்தச் சந்தோஷத்தில் பின்னால் நிற்கிறவரை மறந்துவிடுவது சுலபம். அவர் ஒன்றும் கேட்காமல் காலி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஆகவே நமஸ்காரம் இரண்டு நிமிஷம் காத்திருக்கட்டும். "பத்து டாலர் எடு" என்று அவனிடம் முதலில் சொல்லுங்கள்.